ரசீது உண்மைதான், ஆனால் அது வேறு கரையானுக்கு

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் வீடு 30 வருடம் பழையது. கீழ்த்தளம் கான்கிரீட், மாடிக்கு மரக்கூரை. இரண்டாம் முறை போய்ப் பார்த்தபோது மாடி அறையின் ஜன்னல் திண்டில் உதிர்ந்த இறக்கைகள் கிடந்தன. அதே அறையில் சுவரோடு சேர்த்துச் செய்த மர அலமாரிக்குக் கீழே கசகசா போலச் சின்ன மணிகள் குவிந்திருந்தன. பெருக்கினாலும் மறுபடி வந்துவிடுகிறது என்று வீட்டில் வேலை செய்பவர் சொன்னார். வீட்டுக்காரர், இரண்டு வருடத்துக்கு முன் கரையான் மருந்து அடித்த ரசீதைக் காட்டுகிறார். "பழைய வீட்டில் இதெல்லாம் சகஜம்" என்கிறார் புரோக்கர். "கரையான் வந்த வீடே வேண்டாம்" என்கிறார் என் கணவர். எனக்கோ வீடு பிடித்திருக்கிறது. நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? பூச்சி இருப்பது உறுதியானால் விட்டுவிடுவதுதான் நல்லதா? எங்களுக்கு இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது. மருந்து அடித்த வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் நின்ற இடம் அந்த மணிகள்தான். வீட்டுக்காரர் காட்டும் ரசீது உண்மையாகவே இருக்கலாம். அவர் நாணயமாக, நல்ல ஆளை வைத்தே மருந்து அடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்த பூச்சிக்கும் அந்த மருந்துக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது.

வீட்டு மரத்தைத் தின்னும் கரையானில் முக்கியமாக இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மண்ணில் குடியிருப்பது. அதற்கு ஈரம் இருந்தே ஆக வேண்டும். வெளிக்காற்று பட்டால் உடம்பு காய்ந்து செத்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்து, தரையிலிருந்து மரம் வரைக்கும் ஒரு மூடுபாதை கட்டி, அதற்குள்ளேயே போய்வரும். சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஏறும் மண் கோடு அதுதான். இன்னொரு வகைக்கு மண்ணே வேண்டாம். காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று, அதில் இருக்கும் சொற்ப ஈரத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளும். இதை உலர்மரக் கரையான் என்போம். இது மண் கோடு போடாது. உள்ளே சேரும் கழிவை மட்டும் மரத்தில் ஒரு பொடித் துளை போட்டு வெளியே தள்ளும். அலமாரிக்கு அடியில் குவிந்திருப்பது அந்தக் கழிவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். பூதக்கண்ணாடியிலோ, போன் கேமராவைப் பெரிதாக்கியோ பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இரண்டு முனையும் மழுங்கியிருக்க, உடம்பு நெடுக ஆறு பட்டை தெரியும். பட்டைகள் லேசாக உள்வாங்கியிருக்கும். விரல் நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று உருளுமே தவிர மாவாகாது. இந்த அடையாளம் பொருந்திவிட்டால் உலர்மரக் கரையான் என்பதில் சந்தேகமே வேண்டாம். வேறு எந்தப் பூச்சியும் இப்படி ஆறு பட்டையில் கழிவு போடுவதில்லை.

சரி, ரசீதுக்கு வருவோம். கரையான் மருந்து என்று பொதுவாகச் சொல்வது அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணில் இறக்கும் மருந்தைத்தான். வீட்டைச் சுற்றிலும், உள்ளே சுவரும் தரையும் சேரும் இடத்திலும் துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் செலுத்துவார்கள். மண்ணிலிருந்து ஏறிவரும் கரையானுக்கு அது சரியான வைத்தியம். மாடி அலமாரிக்குள் இருக்கும் கூட்டம் அந்த மண் பக்கமே போகப்போவதில்லை. ஆகவே ரசீதை வாங்கி நிதானமாகப் படியுங்கள். எந்தப் பூச்சிக்கு, எந்த மருந்து, வீட்டின் எந்தப் பகுதியில் என்று எழுதியிருக்க வேண்டும். உத்தரவாதம் இருந்தால் அது வீடு கைமாறிய பிறகும் செல்லுமா என்று அந்த நிறுவனத்தையே கேட்டுவிடுங்கள். தரையில் சுவரோரமாக ஓர் அடி இடைவெளியில், சுண்டுவிரல் நுழையும் அளவில் துளைகள் போட்டு அடைத்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் வேலை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு குழாய் பதிக்கவோ பூச்செடி வைக்கவோ சுவரோரம் தோண்டியிருந்தால் அந்த இடத்தில் மருந்துத் தடுப்பு அறுந்துபோயிருக்கும். இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, நீங்கள் கேளுங்கள்.

இறக்கைகளைப் பொறுத்தவரை, அவை மட்டும் கிடந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். மழைக்குப் பிறகு ஈசல் விளக்கு வெளிச்சத்துக்கு வெளியிலிருந்தும் வரும். ஜன்னல் திறந்திருந்தால் எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம். ஆனால் பூட்டிக்கிடக்கும் அறையில், உள்பக்கத் திண்டில் குவிந்திருந்தால், அவை உள்ளேயிருந்து கிளம்பி வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குப் போனவை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "அது எறும்பு இறக்கை" என்று யாராவது சொல்லலாம். நாலைந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கரையானின் நான்கு இறக்கையும் ஒரே நீளம். எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சின்னது. முழுப் பூச்சியே கிடைத்தால் இன்னும் சுலபம். எறும்பின் இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கையாக மடங்கியிருக்கும். கரையானுக்கு இடை என்று ஒன்று தெரியாது, உணர்கொம்பு நேராக இருக்கும்.

அடுத்து, அந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். பெருக்கிய பிறகும் மணிகள் விழுகின்றன என்பதை வைத்து மட்டும் உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மரத்துக்குள் பழைய கழிவு நிறையத் தேங்கியிருக்கும். கதவை அறைந்து சாத்தினாலோ, அலமாரியை அசைத்தாலோ, கூட்டம் செத்துப் பல காலம் ஆன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்காரர் அனுமதியோடு மணிகளைச் சுத்தமாகப் பெருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். அசைவே இல்லாத இடத்தில் புதுக் குவியல் சேர்ந்திருந்தால், அதற்கு நேர் மேலே பொடித் துளையும் தெரிந்தால், கூட்டம் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றும் விழவில்லை என்றால் சந்தோஷப்படலாம், ஆனால் முடிவெடுத்துவிடாதீர்கள். இந்தக் கூட்டம் சிறியது, சில ஆயிரத்தைத் தாண்டுவது அபூர்வம், மெதுவாகத்தான் தின்னும். சில நாள் வாசலை அடைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடுவதும் உண்டு.

இப்போது உங்கள் முதல் கேள்வி, நீங்களே பார்க்கலாமா என்பது. பாருங்கள், கண்டிப்பாகப் பாருங்கள். நிபுணர் வருவதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று பார்த்திருந்தால், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும். நல்ல வெளிச்சம் தரும் டார்ச் ஒன்றும், கூர் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் போதும். குத்திப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய வீடு அது.

டார்ச்சை மரத்துக்கு நேராக அடிக்காதீர்கள். நேராக அடித்தால் எல்லாம் வழவழப்பாகத்தான் தெரியும். மரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, வெளிச்சம் மேற்பரப்பில் ஊர்ந்து போகும்படி அடியுங்கள். உள்ளே அரித்திருந்தால் பெயின்ட் லேசாகக் குழிந்து, அலையலையாகவோ கொப்புளமாகவோ நிழல் விழும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் அசையாது. அரித்த மரத்தில் பெயின்ட் தோல் மட்டும் மிச்சமிருக்கும், அழுத்தினால் உள்ளே போய்விடும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறும், கெட்டியான ஒலி போய் வெற்றொலி வரும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது என்று கேட்டால், தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பூச்சியைத் தேடுவதைவிட ஈரத்தைத் தேடுவது பலன் தரும். குளியலறைக் கதவின் நிலைக்கால் தரையைத் தொடும் இடம், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழ்ப் பெட்டி, ஏசித் தண்ணீர் சொட்டும் சுவரோரம், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கம், மாடியில் கசிந்து கறை படிந்த மூலை. மண்கரையான், பெரிய கட்டெறும்பு, பூஞ்சை எல்லாவற்றுக்கும் இந்த ஈரம்தான் அழைப்பு. வெளியே சுற்றி வரும்போது, சுவரோரம் மண் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மண்ணுக்கும் மர வேலைக்கும் நடுவே 15 சென்டிமீட்டராவது வெறும் சுவர் தெரிய வேண்டும். மண்ணில் நேரடியாக நட்ட மரத்தூண், சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு, வெட்டிய மரத்தின் மிச்ச அடிக்கட்டை, கட்டுமானத்தின்போது எடுக்காமல் மண்ணில் புதைத்துவிட்ட சாரப்பலகை இவையெல்லாம் மண்கரையானுக்கு வீட்டுக்குள் ஏறப் படிக்கட்டு.

கீழ்த்தளம் கான்கிரீட் என்பதால் அங்கே பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கான்கிரீட்டை அது தின்னாது, ஆனால் ஒரு மில்லிமீட்டர் விரிசல் கிடைத்தால் அதன் வழியே ஏறிவிடும். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடம், மின்கம்பி போகும் குழாய், இரண்டு கட்டடம் சேரும் இணைப்பு, டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு எல்லாம் வழிதான். நிலைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே மண் துளி எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பாருங்கள். சுவிட்ச் பெட்டி ஓரத்திலும் பாருங்கள், கையை மட்டும் விட வேண்டாம்.

மண் கோடு கண்ணில் பட்டால் முழுவதையும் தட்டி உதிர்த்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்த பூச்சிகள் ஓடினால் விஷயம் முடிந்தது. வெறுமையாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருந்தால் அந்தப் பாதை புழக்கத்தில் இருக்கிறது. அடைக்கவில்லை என்றாலும், அந்த ஒரு பாதையைக் கைவிட்டது என்று மட்டுமே பொருள். மண்ணில் இருக்கும் கூட்டம் லட்சக்கணக்கில் போகக்கூடியது, ஒரே சமயத்தில் பல பாதை வைத்திருக்கும்.

மாடிக் கூரைதான் உங்கள் வீட்டில் முக்கியம். அலமாரியில் உலர்மரக் கரையான் இருக்கிறதென்றால், அதே ஈசல் கூட்டம் கூரை மரத்திலும் முட்டை வைத்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. அலமாரியோடு நின்றிருந்தால் இது சின்ன விஷயம். உத்தரத்துக்கோ கைமரத்துக்கோ போயிருந்தால் கதையே வேறு. ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறுவதை நீங்கள் செய்ய வேண்டாம், அதை வருகிற ஆள் செய்யட்டும். நீங்கள் கீழிருந்தபடியே, உத்தரத்துக்கு நேர் கீழே தரையிலும் பரண் மேலும் மணியோ தூளோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தூள் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரத்திலிருந்து உதிர்வதெல்லாம் கரையான் வேலை இல்லை. பட்டையில்லாமல், தொட்டால் விரலில் ஒட்டும் நைசான மாவாக உதிர்ந்து, மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உருண்டையான துளைகள் இருந்தால், அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. அந்தத் துளை வண்டு உள்ளே போன வழி இல்லை, புழுவாக உள்ளேயே வளர்ந்து வண்டாகி வெளியேறிய வழி. அதாவது, துளை தெரியும்போது அந்த வண்டின் வேலை முடிந்துவிட்டது. மிச்சம் புழு உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துளையின் ஓரம் கூராக, உள்பக்கம் புது மர நிறத்தில் இருந்தால் அண்மையில் வந்தது. ஓரம் மங்கி, தூசியும் பெயின்ட்டும் உள்ளே இறங்கியிருந்தால் பழையது. பழைய துளையைப் பார்த்துப் பயந்து வீட்டையே விட்டவர்கள் உண்டு, அது தேவையில்லாத பயம்.

மாவாக உதிர்க்கும் இந்த வண்டுகளில் ஒரு வகை மரத்தின் வெளிறுப் பகுதியை, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த மரத்தைத்தான் தின்னும், அதில் இருக்கும் மாவுச்சத்துக்காக. வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. பெயின்ட்டோ வார்னிஷோ அடித்த மரத்தில் முட்டை வைக்கவும் அதற்கு வழியில்லை. அதனால் 30 வருடப் பழைய மரத்தில் அது புதிதாக வருவது அரிது. புதிதாக வாங்கிப் போட்ட மூங்கில் சாமானிலோ மலிவான சட்டத்திலோ வந்திருக்கலாம். இன்னொரு வகை ஈரமான மரத்தில் வருஷக்கணக்கில் இருக்கும். பைன் போன்ற மென்மரக் கூரைகளில் வரும் பெரிய வண்டு ஒன்று உண்டு. அதன் துளை உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக, ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை இருக்கும், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. தூளில் நார் நாராக மரச்சீவலும் செத்த பூச்சியின் காலும் தலையும் கலந்திருந்தால் கட்டெறும்பு வகை. அது மரத்தைத் தின்பதில்லை, கூடு கட்டக் குடைகிறது, அதுவும் பெரும்பாலும் ஈரம்பட்டு மெத்தென்று ஆன மரத்தில். கூரை விளிம்புப் பலகையின் அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, கருவி போட்டுக் குடைந்ததுபோல் வட்டத் துளை இருந்தால் கருவண்டு, பெயர் வண்டானாலும் அது தேனீ வகை. அது பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, வீட்டைச் சாய்த்துவிடாது.

ஆள் வைக்க வேண்டுமா என்றால், உங்கள் விஷயத்தில் வைத்தே ஆக வேண்டும். யாரை வைப்பது என்பதில் ஒரே ஒரு நிபந்தனையில் நான் பிடிவாதமாக இருப்பேன். பார்த்துச் சொல்பவரும் மருந்து அடிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வருபவருக்கு, பூச்சி இருந்தால்தான் வருமானம். விற்பவர் தரப்பு கூட்டிவரும் ஆளுக்கோ, பூச்சி இல்லாமல் இருந்தால்தான் வசதி. நீங்கள் பணம் கொடுத்து, உங்களுக்காக மட்டும் பார்க்கும் ஆள் வேண்டும். கூரைக்குள் ஏறுவாரா, மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறாரா, படத்தோடு எழுத்தில் அறிக்கை தருவாரா என்று போனிலேயே கேளுங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் எங்களுக்கு அது எச்சரிக்கை. வெப்பக் கேமரா கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நல்லதுதான், ஆனால் அதில் மயங்க வேண்டாம். அந்தக் கேமரா சுவருக்குள் இருக்கும் பூச்சியைக் காட்டாது. மேற்பரப்பில் வெப்பம் எங்கே மாறுகிறது என்று காட்டும், அதை வைத்து ஈரத்தையோ வெற்றிடத்தையோ ஊகிக்கலாம். அப்புறம் டார்ச்சும் கையும்தான். அவர் வரும்போது நீங்களும் கூடவே போங்கள், குத்திப் பார்க்கும் இடங்களைக் கண்ணால் பாருங்கள்.

அறிக்கையில் எல்லோரும் தேடுவது "பூச்சி காணப்படவில்லை" என்ற வரியை. நான் முதலில் படிப்பது, எங்கெல்லாம் பார்க்க முடியவில்லை என்ற பகுதியைத்தான். இந்தச் சோதனை சுவரைப் பெயர்க்காமல், தரையை உடைக்காமல் கண்ணுக்கு எட்டியதைப் பார்ப்பது. கட்டிலுக்குப் பின்னால், நிறைந்த பரணில், பூட்டிய அறையில், ஒட்டுப் பலகை அடித்த கூரையின் உள்ளே பார்க்கவில்லை என்றால், அங்கே பூச்சி இல்லை என்று அவர் சொல்லவில்லை. நேர்மையான நிபுணர் அந்த இடங்களை ஒவ்வொன்றாக எழுதுவார். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போங்கள். அலமாரியைக் காலி செய்து தரச் சொல்லுங்கள், பரணில் இருப்பதை இறக்கச் சொல்லுங்கள், கூரைப் பலகையில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். திரும்பப் பொருத்தித் தரும் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் நஷ்டமில்லை. அதேபோல் ஒரே ஒரு நிலைக்கால் மட்டும் புதுப் பெயின்ட்டில் இருந்தாலோ, மரத்தில் பட்டி பார்த்த தடம் இருந்தாலோ, ஏன் என்று கேளுங்கள். சாதாரணக் காரணமும் இருக்கலாம், சந்தேகக் குரலில் கேட்க வேண்டியதில்லை. அறிக்கையில் உயிருள்ள பூச்சி, பழைய தடயம், மரத்தின் சேதம் இந்த மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து "கரையான் பாதிப்பு உள்ளது" என்று மட்டும் எழுதிய அறிக்கையால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த அறிக்கை பார்த்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். கிரயம் பல மாதம் தள்ளிப்போனால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கரையான் வந்த வீடே வேண்டாம் என்றால், மரம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் பாதியை ஒதுக்க வேண்டிவரும். வந்துபோன கரையானும், சரியாகப் பார்த்துக்கொண்ட வீடும் ஒன்றாக இருக்க முடியும். நான் வேண்டாம் என்று சொல்வது வேறு சில சமயங்களில். பாரம் தாங்கும் உத்தரம் அரிக்கப்பட்டிருந்து, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கவே முடியாத நிலை. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமலே மேலே மேலே பூசி மறைத்திருப்பது. நியாயமாகக் கேட்டும் வீட்டுக்காரர் திறந்து காட்ட மறுப்பது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

அப்படி இல்லையென்றால் பேசலாம். செலவை மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்: பூச்சியை ஒழிப்பது, அரித்த மரத்தை மாற்றுவது, தண்ணீர் வரும் வழியை அடைப்பது. விற்பவர்கள் முதலாவதை மட்டும் பேசுவார்கள், "மருந்து அடித்துத் தருகிறேன்" என்று. மருந்து அடித்தால் அரித்த மரம் திரும்ப வளராது. பெரும்பாலும் பெரிய செலவு இரண்டாவதில்தான் இருக்கும். பாரம் தாங்கும் மரத்தில் சேதம் என்று அறிக்கை சொன்னால், அது பூச்சி நிபுணர் முடிவு செய்கிற விஷயம் இல்லை. கட்டட அமைப்பு தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்து, அவர் தரும் மதிப்பீட்டை வைத்துத்தான் விலை பேச வேண்டும். ஒப்பந்தத்தில், சோதனை அறிக்கை வந்த பிறகு விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுத்த பிறகு அந்த வரியைச் சேர்க்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாகக் குழந்தை விஷயம். எல்லா முறையும் ஒன்றல்ல, எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அலமாரியில் மட்டும்தான் என்று தெளிவானால், எனக்குப் பிடித்த வழி அந்த அலமாரியையே கழற்றி அப்புறப்படுத்துவது. மருந்தே தேவைப்படாமல் போகலாம். கழற்றியதைக் கொல்லையில் போட்டுவைக்கவோ யாருக்காவது கொடுக்கவோ வேண்டாம், கூட்டமும் கூடவே போகும். சுவரில் அது ஒட்டியிருந்த இடத்தில் கட்டை எதுவும் மிச்சமில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் கூரை மரத்தில் இருந்தால், துளை போட்டு உள்ளே மருந்து செலுத்துவார்கள். மருந்து மரத்துக்குள் நிற்கும், ஆனால் கூட்டம் இருக்கும் இடம் முழுவதும் தெரிந்தால்தான் இது பலிக்கும். பல இடத்தில் பரவியிருந்தால் மர நடுப்பகுதி வரை சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடேறி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும்படி வெப்பம் கொடுக்கும் முறை இருக்கிறது. வீட்டையே துணி போட்டு மூடி வாயு செலுத்தும் முறையும் இருக்கிறது. வாயு முறையில் ஆளும் வளர்ப்புப் பிராணியும் செடியும் வெளியேற வேண்டும். உணவும் மாத்திரையும் வெளியேறவோ அதற்கென்று உள்ள உறையில் அடைக்கப்படவோ வேண்டும். வாயு வெளியேறிவிட்டது என்று கருவியால் அளந்து சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். அது சுவரிலோ சாமானிலோ தங்காது. அதனால் குழந்தைக்குப் பயமில்லை, ஆனால் அதே காரணத்தால் மறுநாள் வரும் புது ஈசலை அது தடுக்கவும் தடுக்காது. கீழே மண்ணில் அடிக்கும் மருந்தும் தேவை என்று அறிக்கை சொன்னால், அடித்த இடம் நன்றாகக் காயும்வரை குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டருகே கிணறு இருந்தால் முன்பே மருந்து அடிப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், மருந்தையும் முறையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். மண்ணில் மருந்தை ஊற்றாமல், வீட்டைச் சுற்றி இரைப்பெட்டி புதைத்து வைக்கும் முறையும் உண்டு. பலன் தெரியச் சில மாதம் ஆகும், ஆனால் மருந்தின் அளவு மிகக் குறைவு, பெட்டியைக் குழந்தை திறக்கவும் முடியாது. எந்த முறையானாலும் சாமான் இறக்குவதற்கு முன், வீடு காலியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கிரயத்துக்கும் குடிபோவதற்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் இடைவெளி இருக்கும்படி இப்போதே நாளைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.